கீறலும் கல்லடியும்

காரில் ஒரு கோடு விழுந்ததும் நம் கண் அதன் நீளத்தைத்தான் அளக்கிறது. கதவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை யாரோ சாவியால் இழுத்திருந்தால் வயிறு எரிகிறது. பானெட் நுனியில் மிளகளவுக்குப் பெயின்ட் தெறித்திருந்தால், "இருக்கட்டும், சர்வீஸுக்கு விடும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். கவலைப்பட வேண்டியது அந்த மிளகைப் பார்த்துத்தான். நீளமான கோடு பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றிருக்கும். கல் தெறித்த புள்ளியோ நேராகத் தகரம்வரை இறங்கியிருக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் கீறலுக்குக் குறைவாகவும் கல்லடிக்கு அதிகமாகவும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எவ்வளவு ஆழம்?

தொழிற்சாலையில் காரின் கூடு முதலில் பாஸ்பேட் குளியல் போடுகிறது. பிறகு கூட்டை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தித் துருத்தடுப்பு பிரைமரைப் படியவைக்கிறார்கள். கதவின் உட்புறம், மடிப்புகளின் இடுக்கு என்று தூரிகை எட்டாத இடத்திலும் அது ஏறிவிடும். அதன்மேல் இரண்டாவது பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் வரும். நம் தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாலிஷ் போட்டுத் தேய்க்கப்போகும் கிளியர் கோட்டின் தடிமன் 35 முதல் 50 மைக்ரான். அரை முடியில் நடக்கும் வேலை இது.

ஆழம் பார்க்கக் கருவி வேண்டாம். இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின்மேல் ஒரு விரல் தண்ணீரைத் தடவுங்கள். கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. கீறலின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நமக்கு வெள்ளைக் கோடு தெரிகிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் நின்றுவிடும். அடுத்து நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் வீட்டிலேயே சரியாகும். நகம் மாட்டினால் நிறம்வரையோ அதற்குக் கீழேயோ போயிருக்கிறது. அப்போது பள்ளத்தின் அடியைப் பாருங்கள். மங்கலான சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர். பளபளத்தால் தகரம். பழுப்பாக இருந்தால் தகரம் ஏற்கெனவே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது வெறும் பிளாஸ்டிக்.

சில சமயம் அது கீறலே இல்லை. வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டி உரசும்போது அதன் பெயின்ட் நம் வண்டியில் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தாலே பாதி போய்விடும். மீதியைக் காம்பவுண்ட் எடுத்துவிடும். பட்டறைக்காரர் "டோர் முழுக்க அடிக்கணும் சார்" என்று சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

மேல்பூச்சோடு நின்ற கீறல்

இதற்கு வேண்டியவை: ரப்பிங் காம்பவுண்ட், அதைவிட நைசான பாலிஷ், ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி இரண்டு. பட்டறைகளில் பனியன் வேஸ்டை வைத்துத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் துடைக்க அது போதும். அதன் தையலும் முடிச்சும் பெயின்டில் புதுக் கோடுகள் போடும் என்பதால் கடைசித் துடைப்புக்கு அதைத் தொடாதீர்கள்.

நிழலில், பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். கழுவி ஈரம் போனபின், ஒரு சாண் சதுரம் மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டாணி அளவு காம்பவுண்டை ஸ்பாஞ்சில் தொட்டுக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கவும். வேலை செய்வது காம்பவுண்டில் இருக்கும் துகள்கள். நீங்கள் தம் கட்டி அழுத்துவதால் ஸ்பாஞ்சுதான் நசுங்கும். ஒரு நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள், தேவையானால் இன்னொரு முறை. கோட்டின் கூர்மை போனால் போதும். அடையாளமே இல்லாமல் ஆக்க நினைத்தால், கோட்டின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பூச்சை முழுவதும் சீவ வேண்டியிருக்கும். அந்தப் பேராசையால் கிளியர் கோட் காணாமல் போன வண்டிகள் நம் தெருக்களில் நிறைய. கூரையிலும் பானெட்டிலும் வெளுத்துத் தோல் உரிந்து நிற்பவற்றில் வெயில் தின்றவையும் உண்டு, அளவுக்கு மீறி பாலிஷ் போட்டுத் தேய்ந்தவையும் உண்டு.

துணியில் உங்கள் காரின் நிறமே ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். ஒன்று கிளியர் கோட் தீர்ந்துவிட்டது, அல்லது உங்கள் வண்டிக்கு அது கிடையவே கிடையாது. சில பழைய வண்டிகளின் சாதா வெள்ளை, சாதா சிவப்பு நிறங்களுக்குக் கிளியர் கோட் இருக்காது.

நகம் லேசாகத் தட்டும் கீறலுக்கு 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டுப் பிறகு காம்பவுண்ட் போடச் சொல்வார்கள். முறை சரிதான். ஆனால் கை பழகாதவர்கள் சொந்தக் காரில் இதைத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய இரும்புக் கடையில் ஒரு கதவோ ஃபெண்டரோ வாங்கிப் பழகிவிட்டு வரலாம். பழகியவரும் கதவின் மடிப்புக் கோடு, பானெட்டின் விளிம்பு போன்ற இடங்களில் பேப்பரை வைக்கக் கூடாது. விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகவே படிந்திருக்கும், இரண்டு இழுப்பில் பிரைமர் தெரிந்துவிடும்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்பசையில் தேய்க்கும் துகள் உண்டு, ஆகவே மிக மெல்லிய கோடுகளை அது குறைக்கும். ஆனால் அது பல்லுக்காக அளவிட்ட துகள், பெயின்டுக்காக அல்ல. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் செய்வது நாம் பார்த்த தண்ணீர்ச் சோதனையைத்தான்: பள்ளம் நிரம்பி கோடு மறைகிறது, அடுத்த வாட்டர் வாஷில் திரும்பி வந்துவிடுகிறது. வண்டியை விற்பவர் பார்ட்டி வரும் நேரத்துக்குச் செய்கிற வேலை அது. பழைய கார் வாங்கப் போகும்போது, கழுவச் சொல்லிப் பிறகு பாருங்கள்.

கல்லடி

நெடுஞ்சாலையில் ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போகிறீர்கள். லாரியிலிருந்து விழும் கல்லை விட, அதன் டயர் சாலையிலிருந்து கிளப்பி வீசும் கல்தான் அதிகம். உங்கள் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டரில் 'டிக்' என்ற சத்தத்தோடு போகிற கல் 100 கிலோமீட்டரில் பூச்சு அத்தனையையும் பெயர்த்துவிடும். பானெட்டின் முன்விளிம்பு, முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள், கண்ணாடிக்கு மேலே கூரை தொடங்கும் இடம், முன்சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதி ஆகியவைதான் அடி வாங்கும் இடங்கள். கடைசியாகச் சொன்னதைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. அங்கே அடிக்கும் கல் உங்கள் டயரே வீசியது.

தகரம் வெளியே தெரிந்தால் காற்றும் ஈரமும் துருவைத் தொடங்கிவைக்கும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வண்டியை நிறுத்துகிறவர்கள் கல்லடியைக் கண்ட வாரமே கவனிப்பது நல்லது. துரு, அடி விழுந்த இடத்தோடு நிற்பதில்லை. நல்ல பெயின்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து, ஒரு நாள் கொப்புளமாக எழும்பும். அந்தக் கொப்புளத்தைத் தூரிகையால் சரிசெய்ய முடியாது.

ஆகவே கல்லடி வேலையின் நோக்கத்தை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் தகரத்தை மூட வேண்டும். அழகு அதற்குப் பிறகுதான், அதுவும் கிடைத்த அளவுக்கு.

நிறம் வாங்குவதிலிருந்து தொடங்குவோம். 'வெள்ளை', 'சில்வர்' என்று கேட்டு வாங்கக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் கம்பெனி ஒரு குறியீடு வைத்திருக்கிறது. மாருதி சுசுகியின் சுப்பீரியர் ஒயிட்டுக்கு 26யு, சில்கி சில்வருக்கு இசட்2எஸ், டொயோட்டாவின் சூப்பர் ஒயிட்டுக்கு 040 என்பதுபோல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ பானெட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கம்பெனி உதிரிபாகக் கடையில் டச்சப் பேனாவோ சிறு பாட்டிலோ கேட்கலாம். இல்லையென்றால் பெயின்ட் மிக்ஸிங் செய்யும் கடையில் குறியீட்டைக் கொடுத்தால் கலக்கித் தருவார்கள். டச்சப்புக்கு என்று சொல்லிக் கேளுங்கள். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்டை உங்கள் தலையில் கட்டினால், கலந்த சில மணி நேரத்தில் மீதி அத்தனையும் கட்டியாகிவிடும். தானாகக் காயும் பேஸ் கோட்டும் தானாகக் காயும் கிளியரும் தனித்தனிப் பாட்டிலில் இருந்தால் வீட்டு வேலைக்கு வசதி.

வாங்கியதை நேரே காரில் வைக்காதீர்கள். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றில் தடவிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் காரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் வேறு நிறம். குறியீடு சரியாக இருந்தாலும் ஏழெட்டு வருடம் வெயிலில் நின்ற வண்டி சற்று மாறியிருக்கும். சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள்கள் பாட்டிலின் அடியில் படிந்துவிடும், கை வலிக்கும்வரை குலுக்க வேண்டும்.

இனி வேலை. வண்டியைக் கழுவி, முழுக்கக் காயவைத்து, நிழலில் நிறுத்துங்கள். புள்ளிகளைச் சுற்றி மெழுகும் எண்ணெயும் போக ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி மின்னணுப் பொருட்கள் விற்கும் இடங்களில் சர்க்யூட் போர்டு துடைப்பதற்காக இது கிடைக்கும். பிறகு ஊசி முனையாலோ மெல்லிய கத்தி முனையாலோ பள்ளத்தின் ஓரத்தை நெருடிப் பாருங்கள். தளர்ந்திருக்கும் பெயின்ட் சில்லுகள் எல்லாம் வந்துவிட வேண்டும். புள்ளி கொஞ்சம் பெரிதாவதைப் பார்த்து மனம் பதறும், பதற வேண்டாம். தளர்ந்த விளிம்பின்மேல் எத்தனை நல்ல பெயின்ட் வைத்தாலும் அதோடு சேர்ந்து பெயர்ந்துவிடும்.

துரு இருந்தால் பளபளப்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். தீக்குச்சி நுனியில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சிறு வட்டமாக வெட்டி ஒட்டிக்கொண்டால் பள்ளத்துக்குள் மட்டும் தேய்க்கலாம். அப்படியும் கரும்புள்ளிகள் மிஞ்சினால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரை ஒரு சொட்டு வைத்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்வரை விட்டு, எழுதியிருக்கும் விதத்தில் துடைத்துக் காயவையுங்கள். அமிலம் நல்ல பெயின்டில் வழியக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துருவின்மேலேயே பெயின்டை வைத்து மூடுவதுதான் இந்த வேலையில் பலரும் செய்யும் தவறு. மேலே அழகாக இருக்கும், அடியில் அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

தகரம் தெரிந்த இடத்துக்குப் பிரைமர் கட்டாயம். தகரம்வரை போகாத பள்ளத்துக்கு வேண்டாம். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பள்ளத்தின் நடுவில் தொடுங்கள், அது தானாக ஓரம்வரை பரவும். டச்சப் பாட்டிலின் மூடியோடு வரும் பிரஷ் வீடு சுண்ணாம்பு அடிக்கத்தான் லாயக்கு. ஓவியம் வரைபவர்கள் வாங்கும் பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷோ குச்சியோ போதும். பிரைமர் காய்ந்தபின் நிறத்தை அதே விதத்தில் வையுங்கள். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பிவிட ஆசை வரும். மேலே தோல் காய்ந்து, உள்ளே தின்னர் சிக்கி, பிறகு குமிழாகக் கிளம்பும். மெல்லியதாக ஒன்று, அரை மணியோ ஒரு மணியோ கழித்து இன்னொன்று. காயக் காயப் பெயின்ட் சுருங்கி இறங்கும் என்பதால் இரண்டு மூன்று முறை தேவைப்படும். நிறம் சுற்றுமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்போது நிறுத்திவிட்டு, மறுநாள் கிளியரை இரண்டு முறை வையுங்கள். இப்போது புள்ளி கடுகு ஒட்டிய மாதிரி சற்று மேடாக இருக்கும். இருக்கட்டும்.

ஒரு வாரம் தொடாதீர்கள். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தகரம் மூடப்பட்டுவிட்டது. மேட்டையும் தட்டையாக்க வேண்டுமென்றால், பென்சில் அழிக்கும் ரப்பரில் நகக்கண் அளவு வெட்டி, அதில் 2000 நம்பர் பேப்பரை ஒட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேட்டின்மேல் மட்டும் தேய்க்கவும். சுற்றியுள்ள பெயின்ட் மங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டுக் காம்பவுண்டும் பாலிஷும் போட்டால் பளபளப்பு திரும்பும். மெழுகை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், உள்ளேயிருக்கும் தின்னர் முழுக்க வெளியேறட்டும்.

சாதா வெள்ளையில் இப்படிச் செய்த புள்ளியை நீங்களே தேட வேண்டியிருக்கும். மெட்டாலிக்கில் அப்படி நடக்காது. தொழிற்சாலையில் ஸ்பிரே அடிக்கும்போது துகள்கள் படுக்கும் விதம் வேறு, குச்சியால் வைக்கும்போது படுக்கும் விதம் வேறு, ஆகவே ஒரு கோணத்தில் கறுத்துத் தெரியும். எட்டி நின்றால் தெரியாது என்ற அளவில் திருப்தி அடைய வேண்டியதுதான். முத்து வெள்ளை போன்ற மூன்று அடுக்கு நிறங்கள் இன்னும் படுத்தும்.

தகரம் தெரியும் நீளக் கோட்டுக்கும் இதே முறைதான். கோட்டின் இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, பெயின்ட் வைத்ததும் அரைகுறை ஈரத்திலேயே டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு சாணுக்கு மேல் நீண்டால் கையால் வைத்த கோடு கீறலை விட அசிங்கமாகத் தெரியும். பிரைமரோடு மூடிவைத்துவிட்டுப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது. அதன் சிராய்ப்புக்கு அவசரமே இல்லை. நம் ஊர் நெரிசலில் பம்பர் அடி வாங்கத்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பார்த்துக்கொண்டால் போதும். செய்வதென்றால் பிளாஸ்டிக்குக்கான தனி பிரைமர் கேட்டு வாங்குங்கள், சாதா பிரைமர் அதில் பிடிக்காமல் பாளம் பாளமாக உரியும். பட்டி வைத்து நிரப்பும் யோசனை கல்லடிக்கு வேண்டவே வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அது பள்ளம் விழுந்த தகரத்தை நிமிர்த்தியபின் மேலே மட்டம் செய்ய வைப்பது, மிளகளவுப் புள்ளிக்கு உரியது அல்ல.

ஹார்ட்னர் கலந்த பெயின்டை வீட்டில் ஸ்பிரே அடிக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தின்னரின் ஆவி தீப்பிடிக்கும், ஆகவே பூஜை விளக்கும் அடுப்பும் இருக்கும் பக்கம் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

புதிதாக விழாமல்

கீறல்களில் பெரும்பங்கு சாலையில் விழுவதில்லை, வீட்டு வாசலில் விழுகிறது. காலையில் காய்ந்த துணியால் தூசு தட்டுவது முதல் குற்றவாளி. அந்தத் தூசில் மணல் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைக்கும் தம்பியிடம், முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். அழுக்கு வண்டிமேல் கவர் போட்டால் காற்றில் அது ஆடி ஆடித் தேய்க்கும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் வறண்ட துணியால் தேய்த்து எடுப்பதும், வாழைக்கன்று கட்டிய கயிறு ஒரு வாரம் பம்பரில் உரசிக்கொண்டே ஊர் சுற்றுவதும் அதே கணக்கில் சேரும். சந்தனத்தை நனைத்து ஊறவிட்டுக் கழுவுங்கள், கயிற்றை அன்றே அவிழ்த்துவிடுங்கள். செராமிக் கோட்டிங் கல்லைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது அவ்வளவு மெல்லியது. கல்லைத் தாங்குவது பி.பி.எஃப். எனப்படும் தடித்த ஒட்டுப்படலம். பானெட்டின் முன்பகுதிக்கு மட்டும் ஒட்டினாலே நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்குப் பயன் உண்டு.

இன்சூரன்சில் கிளெய்ம் செய்யலாமே என்று தோன்றும். ஒரே ஒரு கதவுக்காகச் செய்யும் முன் கணக்குப் போடுங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதம்வரை தள்ளுபடி உண்டு. ஒரு கிளெய்ம் போட்டால் பொதுவாக அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். போதாதற்கு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் நம் கையிலிருந்து போகும்.

பெயின்ட் வேலைக்கு நம் ஊரில் நல்ல மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். வெயில் கடுமையில்லை, காற்றில் ஈரமும் குறைவு. ஈரக் காற்றில் வைத்த கிளியர் பால் படிந்ததுபோல் வெளுத்துப் போகும் என்பதால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்த வேலையை எடுக்காதீர்கள். ஆனால் தகரம் தெரியும் புள்ளிகளோடு வடகிழக்குப் பருவமழைக்குள் போகவும் கூடாது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிவிட்டு, முன்பக்கம் முழுவதையும் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும் குனிந்து பாருங்கள். நிறம் கைவசம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்குப் பிரைமர் ஒரு சொட்டாவது வைத்துவிடுங்கள்.